அறுபது எண்ணும் வரை

முதலிபாளையத்தில் பனியன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அசைவு, வெளிச்சம் உணரும் சென்சார்களை வைத்துக் கருவி செய்யும் வகுப்பு நடத்துகிறேன். பதினேழு பேரில் ஒருவரைத்தான் அறிவியல் போட்டிக்கு அனுப்பலாம். திருநெல்வேலி டெய்லரின் மகள் செல்வி ஒரு விளக்கு செய்திருந்தாள். ஆள் அசைந்தால் எரியும். ஒரு நிமிடம் அசைவில்லையென்றால் அணைய வேண்டும். மூன்று முறை சோதித்தேன். அணையவில்லை.

"புரோகிராம் தப்பு கண்ணு" என்று பட்டியலில் அவள் பெயரை அடித்தேன்.

"நீங்கதான் நடந்துக்கிட்டே இருக்கியளே சார்! செத்த உக்காருங்க" என்றாள், கண் கலங்க.

உட்கார்ந்து எண்ணினேன். நான்கு முறை கால்கள் எழத் துடித்தன.

"சேர்ல முள்ளுங்களா சார்?" என்றது பின்வரிசை.

அறுபதில் விளக்கு அணைந்தது.

அவள் பெயரை மீண்டும் எழுதினேன். முப்பத்தெட்டு ஆண்டு ஆசிரியர் வேலையில் இப்படி எத்தனை பிள்ளைகளைத் தப்பு என்றேனோ, அதை மட்டும் எண்ண முடியவில்லை.