ஒரு கோடியே இருபது லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஏழு

முழங்காலில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே 12025007-ஐ 2617-ஆல் வகுக்கத் தொடங்கிவிட்டார் டைல்ஸ் மேஸ்திரி. உடைந்த டைல்ஸின் முதுகுதான் நோட்டு. டீ வருவதற்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாயிற்று. வகுபடவில்லை. பக்கத்தில் "போ" என்று எழுதிவிட்டு, சிமெண்டைக் குழைக்கப் போனார்.

அவருடைய மச்சான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது 12025007 என்று எழுதிக் காட்டினார். "பகா எண், மாப்ளே. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. புத்தகத்துல போட்டுட்டேன்."

"அப்ப, இத்தனை கல்லை ஒரே வரிசையாத்தான் ஒட்டணுமா? நீள அகலமா ஒரு ரூமுக்குக் கூட வராதா?"

"வராது."

"ஒட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றீங்க?"

"நீ தரையைப் பாரு, நான் கணக்கைப் பார்த்துக்கறேன்" என்று மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பு மேஸ்திரிக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

இரண்டிலிருந்து பகா எண்களாக மட்டும் எடுத்து வகுக்க ஆரம்பித்தார். ஏழால் வகுத்தால் மீதி ஒன்று; பதினொன்றால் வகுத்தால் ஐந்து. 3467 வரை பார்த்தால் போதும் என்று அவரே கண்டுபிடித்தார்: "ஒரு பக்கம் அதுக்கு மேல போனா, இன்னொரு பக்கம் அதுக்குக் கீழ வந்துதானே ஆகணும்?" 1009-ஐத் தாண்டியபோது, எங்கோ ஐந்தை ஆறாக எழுதியிருந்தது தெரிந்தது. மறுநாள் அறுபது கணக்குகளை மறுபடி போட்டார்.

"எங்கண்ணன்கூட எதுக்கு மல்லுக்கு நிக்கறீங்க?" என்று மனைவி சலித்துக்கொண்டாள்.

"மல்லு இல்லம்மா. தரையில ஒரு கல்லு மட்டம் தப்பித் தூக்கிட்டு நின்னா விட்டுட்டா வர்றேன்? அது மாதிரிதான்."

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், 2999-க்கு "போ" எழுதிவிட்டு 3001-ஐ எடுத்தார். அது நானூற்று முப்பத்தொன்றாவது பகா எண். ஈவு 4007. மீதி இல்லை. திருப்பிப் பெருக்கினார். இன்னொரு தரம் பெருக்கினார். பிறகு வேலைச் சட்டையோடேயே மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

மச்சான் அச்சகத்திலிருந்து வந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரி நீட்டிய டைல்ஸைப் பார்த்தார். தானும் ஒரு தாளில் வகுத்தார். காது மடல் சிவந்தது.

"ரெண்டாயிரம் வரைக்கும்தான் பார்த்தேன், மாப்ளே. அதுக்கு மேல எங்க இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"அச்சாயிடுச்சா?"

"இல்ல. நாளைக்குத்தான் போகுது." அந்த வரியை நீளமாக அடித்தார். அப்புறம் அடுத்த தாளை மெதுவாக நகர்த்தினார். "இதுல இன்னும் நாலு எண் இருக்கு. இதையும் முழுசாப் பார்க்கல."

மேஸ்திரி சிரிக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.