இருபத்தேழு அங்குலம்

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தப் போனிலிருந்து பூஜ்யத்தை அழுத்தினாலும் அவர்தான் எடுப்பார். அதனால் ஜீரோ அக்கா என்று பெயர் வந்துவிட்டது. பெரிய டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத டெலிபோன் அறை, இரண்டு நாற்காலி, மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர். ஒரு நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக அக்கா, இன்னொன்றில் ஏழு வருஷமாக நான்.

குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார் அக்கா. ஒரு ஆள் "பாத்துச் சொல்றேன்" என்றால் அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. "ரெண்டு நிமிஷம் லைன்லயே இருங்க" என்றால் நம்பலாம். இது அக்காவின் கணக்கு. தப்பிப் போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் சரக்கு இறக்கும்போது அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மூன்று மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தார். பிறகு சக்கர நாற்காலியோடு வீட்டுக்குப் போனவர், செக்கப்புக்குத் தவிர வெளியே வருவதில்லை. அப்போதும் வாசலில் இருக்கும் மூன்று படியைத் தாண்ட இரண்டு பேர் அவரைத் தூக்கவேண்டும். தூக்கி வண்டியில் வைக்கும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பாராம். அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டம் என்று அக்கா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் சூரியன் ஒப்புக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகும். பள்ளிக்கூடங்களுக்கு மூன்று வாரம் லீவு. போன வருஷம் லீவு நெருங்கும்போது, அக்காவின் இரண்டாவது மகள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைப் பட்டணத்துக்குப் போகிறார்கள், அங்கே இந்த மாதத்திலும் வெயில் கொளுத்துமாம், நாமும் போகலாமா என்று. ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். மூத்தவள், தங்கையின் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாளாம்.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. தாராளமாகப் போய்விட்டு வாருங்கள், மாடியில் அக்கா இருக்கிறாள், என்னைப் பார்த்துக்கொள்வாள் என்றார். அவருடைய அக்கா, அதாவது நம் அக்காவுக்கு நாத்தனார், மேல்வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் எழுந்து போன பிறகு, ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"நான் எத்தனை மூட்டை ஏத்தி இறக்கியிருக்கேன்னு உனக்குத் தெரியும். இப்ப நான்தான் மூட்டை. வீட்டு வாசல்ல தூக்குறாங்க, சரி. ரயில்ல, ஓட்டல்ல, கடற்கரைல, ஊரே பாக்க தூக்குவாங்க. அது வேணாம்."

அக்கா தட்டை நகர்த்தி வைத்தார்.

"யாரும் தூக்க மாட்டாங்க. வீட்டு வாசல்லேர்ந்து கடல் வரைக்கும் ஒரு இடத்துல கூட உங்க மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. அப்ப வருவீங்களா?"

அவர் சிரித்திருக்கிறார். அப்படி நடந்தால் வருகிறேன் என்றார், எப்படியும் நடக்காது என்ற தைரியத்தில்.

மறுநாள் அக்கா ஒரு பழைய டைரியோடு வேலைக்கு வந்தார். மதிய இடைவேளையில் தன் சொந்த செல்போனை எடுத்தார். அடுத்த ஆறு வாரம் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். பக்கத்தில் அக்கா பேசிக்கொண்டே இருப்பார்.

முதலில் தங்கும் இடம். சக்கர நாற்காலியின் அகலம், கைப்பிடி வளையத்தோடு சேர்த்து இருபத்தாறு அங்குலம். அறைக் கதவுகள் எங்கேயும் அகலம்தான். குளியலறைக் கதவுதான் வில்லங்கம். அந்தப் பட்டணத்து லாட்ஜ்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்டார். எல்லா வசதியும் இருக்கிறது என்பார்கள். அளந்து சொல்லுங்கள் என்பார் அக்கா. அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்பார்கள். அக்கா டைரியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போவார். ஒருவர், உங்கள் வீட்டுக்காரர் அவ்வளவு குண்டா என்று அக்கறையாக விசாரித்தார். இன்னொரு இடத்தில் சாய்தளம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். நோண்டிக் கேட்டதில் அது ஜெனரேட்டர் அறைக்குப் போகிற சாய்தளம்.

முப்பத்து நாலாவது லாட்ஜில் ஒரு பெண் எடுத்தாள். கேள்வியைக் கேட்டதும், "ரெண்டு நிமிஷம் லைன்லயே இருங்கம்மா" என்றாள். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். செருப்புச் சத்தம் தூரமாகப் போவதும், எங்கேயோ ஒரு கதவு கிறீச்சிடுவதும், திரும்பி வருவதும் எனக்கே கேட்டது. "இருபத்தேழு அங்குலம்மா. தரைத்தளம். வாசல்ல படி கிடையாது." அக்கா டைரியில் எழுதி மூன்று தடவை அடிக்கோடு போட்டார்.

அடுத்தது ரயில். அகலமான வாசல் வைத்த பெட்டி ஒன்று அந்த ரயிலில் உண்டு. ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே போடும் இரும்புச் சாய்பலகை எங்கள் ஊர் ஸ்டேஷனில் பார்சல் அறையில் பூட்டிக் கிடந்தது. பார்சல் குமாஸ்தாவுக்கு அக்கா எத்தனை தடவை போன் போட்டாரோ, கடைசியில் அவர் ஹலோ சொல்வதை நிறுத்திவிட்டு "சாவி என்கிட்டதான் இருக்குக்கா" என்றே போனை எடுக்க ஆரம்பித்தார். போய் இறங்குகிற ஸ்டேஷனிலும் ஒரு சாய்பலகைக்குச் சொல்லி வைத்தார். அதோடும் அக்கா விடவில்லை. ரயில் வேறு நடைமேடைக்கு வந்தால் என்ன வழி, லிஃப்ட் ஓடாவிட்டால் என்ன வழி என்று துருவி, நடைமேடைக் கோடியில் சாமான் வண்டிகள் தண்டவாளத்தைக் கடக்க ஒரு பாதை இருப்பதையும், அதைத் திறந்துவிடுகிற ஆளையும் கண்டுபிடித்து வைத்தார்.

கடற்கரை மணலில் சாதாரண சக்கரம் புதைந்துவிடும். உயிர்காப்பாளர் நிலையத்தில், தர்பூசணி போலக் கொழுத்த டயர் வைத்த நாற்காலி ஒன்று யாரோ வாங்கிக் கொடுத்துக் காற்றில்லாமல் கிடப்பதாகத் தெரியவந்தது. தலைமைக் காப்பாளர் பாத்துச் சொல்றேன் என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் விட்டு மறுபடி பேசினார். அதற்குள் அந்த மனுஷன் காற்றடித்து, தானே அதில் ஏறிக் கம்பீரமாக உட்கார்ந்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். அக்காவின் கணக்கு தப்பியது அன்று ஒரு நாள்தான். தப்பியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டு வாசலுக்கு எங்கள் ஆஸ்பத்திரித் தச்சர் மரத்தில் ஒரு சாய்தளம் செய்து கொடுத்தார். நாத்தனார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். "இதெல்லாம் நடக்கிற காரியமா? நடு ரோட்ல அவனை வச்சுக்கிட்டு முழிக்கப் போற" என்றார். பாருங்கள் அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஆணி எடுத்துக் கொடுத்தார்.

பாக்கி இருந்தது நாற்காலியிலிருந்து ரயில் படுக்கைக்கு மாறுவது. அதற்கு வழுவழுப்பான ஒரு பலகை உண்டு. ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையைப் படுக்கையிலும் வைத்துவிட்டு, கையை ஊன்றி நகர்ந்து போய்விடலாம். நாலு வருஷமாக அது பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அக்கா ரயில் படுக்கையின் உயரத்தையும் விசாரித்து வந்து, பெஞ்சுக்கு அடியில் செங்கல் வைத்து அதே உயரத்துக்கு ஏற்றி, கூடத்தில் போட்டார். இரண்டு நாள் வீட்டுக்காரர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, அவர் பெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலி இந்தப் பக்கம் இருக்கிறது. சும்மா, கைக்கு ஒரு வேலை என்றாராம். அதற்கப்புறம் மகள்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறு நிமிஷம் ஒன்றரை நிமிஷமாகக் குறைந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நாத்தனார் ஒரு பெரிய வெயில் தொப்பி வாங்கி வந்தார். யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான், நானும் வருகிறேன் என்றார்.

கிளம்பிய அன்று மரச் சாய்தளத்தில் வீட்டுக்காரரே சக்கரத்தைப் பிடித்து மெதுவாக இறங்கினார். பார்சல் குமாஸ்தா சாவியோடு மட்டுமில்லை, சாய்பலகையைத் துடைத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். ரயிலில் பலகை, படுக்கை, ஒன்றரை நிமிஷம். மறுநாள் காலையில் ரயில், நினைத்தபடியே, நினைக்காத நடைமேடைக்கு வந்தது. லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு போர்ட்டர்கள் தூக்கிவிடுகிறோம் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா டைரியைத் திறந்து ஒரு போன் போட்டார். பத்து நிமிஷத்தில் கோடியிலிருந்த கதவு திறந்தது. சாமான் வண்டிகளுக்குப் பின்னால் அவர்களும் தண்டவாளத்தைக் கடந்து வெளியே வந்தார்கள். வெளியே வெயில். இளையவள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

லாட்ஜில்தான் மாட்டிக்கொண்டது. அறைக்குள் போயாயிற்று. குளியலறை வாசலில் நாற்காலி இரண்டு பக்கமும் இடித்து நின்றுவிட்டது. அக்கா டேப்பை எடுத்து அளந்தார். சட்டத்துக்குச் சட்டம் இருபத்தேழு அங்குலம் சரியாக இருந்தது. ஆனால் கதவு கனமான மரம். எவ்வளவு திறந்தாலும் அதன் தடிமன் வாசலுக்குள்ளேயே நின்று, வழி இருபத்தைந்தரைதான் மிஞ்சியது. அளந்து சொன்ன பெண் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கதவோடு சேர்த்து அளக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை. ஆறு வாரம் பேசிய பேச்சு முழுக்க அந்த ஒன்றரை அங்குலத்தில் போய்விட்டது. நாத்தனார், கொஞ்சம் தூக்கி உள்ளே விட்டால் என்ன என்று வாயெடுத்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர் கதவின் கீலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்காம்மா? பெருசா."

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கீழ்க் கீலையும் நடுக் கீலையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கழற்றினார். துருப்பிடித்த ஒரு திருகுக்கு அக்காவின் தேங்காயெண்ணெய் பாட்டிலை வாங்கிக்கொண்டார். மேல்கீல் எட்டவில்லை. மூத்தவளை ஸ்டூலில் ஏறச் சொல்லி, எந்தப் பக்கம் திருப்பவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று கீழேயிருந்து அதட்டினார். லாரி நடுவழியில் நின்றால் கிளீனரை அதட்டுகிற அதே குரல். நாலு வருஷமாக அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா திட்டுகிறார் என்று மூத்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம், கையிலிருந்த திருகைக் கீழே போட்டு இன்னும் திட்டு வாங்கினாள்.

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். கதவு இருந்த இடத்தில் ஒரு திரை தொங்கியது. பக்கத்துக்கு அரை அங்குலம் இடம். விரலை மடக்கிக்கொண்டு, ஒரே தள்ளு. உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் பாடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதார். நாத்தனார் அந்த வெயில் தொப்பியால் அவருக்கு விசிறிவிட்டார்.

கடற்கரையில் தலைமைக் காப்பாளர் கொழுத்த டயர் நாற்காலியோடு காத்திருந்தார். ஆள் போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம். உதவிக்குக் கை நீட்டியவரிடம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பலகையைப் போட்டு வீட்டுக்காரரே மாறி உட்கார்ந்தார். மணலில் டயர் புதையவில்லை. மகள்கள் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூத்தவள் ஒரு கையால் தள்ளிக்கொண்டே எடுத்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். படம் முழுக்க ஆடுகிறது, பாதி நேரம் மணல்தான் தெரிகிறது. முதல் அலை மடிக்கு வந்ததும் அவர் இரண்டு கையையும் தண்ணீரில் விட்டு அள்ளி முகத்தில் அடித்துக்கொள்கிறார்.

"இந்த ஊருக்கு இருநூறு லோடு கொண்டுவந்திருக்கேன். கிடங்கைத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. உப்பா இருக்குங்கிறாங்க, நிஜமாவே உப்புதான்."

ஐந்து நாள் இருந்தார்கள். நாலாம் நாள் மதியம் எல்லோரும் அயர்ந்துவிட்டார்கள். அக்கா கண் விழித்துப் பார்த்தால் வீட்டுக்காரரையும் காணோம், நாற்காலியையும் காணோம். தெருமுனை வரை ஓடினார். போனை அவர் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கடற்கரைச் சாலையில் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டி, முகமெல்லாம் கறுத்து, உள்ளங்கை சிவந்து, நிதானமாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கலங்கரை விளக்கம் வரை போனாராம். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர்.

அக்கா அவரைத் திட்டு திட்டென்று திட்டினார். சொல்லிவிட்டுப் போகக்கூடாதா, போனை எடுக்கக்கூடாதா என்று. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, சாலை நல்ல சமதளம், ஒரே ஒரு இடத்தில்தான் மேடு, நாளைக்குச் சாயங்காலம் உங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.