சைக்கிள் டியூப் கட்டிய பட்டன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கம்பெனியின் பெரிய சாரை எதிர்த்துப் பேசினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. எனக்குப் பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை டை என்கிற அச்சுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆர்டர் கூடியதும் சூப்பர்வைசர் இடது பட்டனை அமுக்கிவைத்து, பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டார். வலது கை பட்டனுக்கு, இடது கை தகட்டுக்கு. வேலை வேகமாக ஓடியது. ஒவ்வொரு முறையும் என் இடது கை டைக்குள் போய்த் திரும்பியது.

அவிழ்க்கும்படி அவரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

"பெரிய சார் டார்கெட் குடுத்திருக்காருய்யா. நீ என்ன கொழந்தையா, கைய உள்ள விட்டுட்டு நிக்கறதுக்கு?" என்றார்.

பெரிய சார் பெங்களூரிலிருந்து தினமும் காரில் வருகிறவர். மாதம் ஒருமுறை எங்களை ஷெட்டில் நிறுத்தி இங்கிலீஷில் பேசுவார். சூப்பர்வைசர் அதைத் தமிழில் சொல்வார். கம்பெனி ஒரு குடும்பம், பாதுகாப்புதான் முதல், மனதில் இருப்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள். கடைசியில், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். ஒருவரும் சொல்ல மாட்டோம். கைதட்டிவிட்டு டீக்குப் போவோம்.

ஒரு கூட்டத்துக்கு முந்தின நாள், இரும்பு இறங்கியபோது என் கையுறையின் நுனி மாட்டிக் கிழிந்தது. விரல் தப்பியது. பக்கத்து மெஷினில் நின்ற தூத்துக்குடிக்காரர் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கூட்டத்துல சொல்லிரும்."

"நானா?"

"கேட்டது தப்புதான். நீரு வாயத் தொறந்தா நான் மொட்ட போட்டுக்கிடுதேன்."

மறுநாள் பெரிய சார் வழக்கம்போலக் கேட்டதும் கையைத் தூக்கினேன்.

"என் மெஷின்ல ஒரு பட்டன கட்டி வெச்சிருக்காங்க. நேத்து கை போயிருக்கும்" என்றேன்.

தூத்துக்குடிக்காரர் தலையைத் தடவிக்கொண்டார். சூப்பர்வைசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரிய சார் என்னைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டினார். கை போயிருக்கும் என்று சொன்னவனுக்கு யாராவது கைதட்டுவார்களா?

நான் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்காரன். எனக்குக் கன்னடம் யாரும் சொல்லித்தர வேண்டாம். பெரிய சார் வீட்டுக்குப் போனில் பேசுவதும் கன்னடம்தான்.

"அவரு சொன்னது சுள்ளு சார்" என்றேன். பொய் என்று. "பந்து நோடி" என்றேன். வந்து பாருங்கள் என்று.

வந்தார். பார்த்தார். பிளேடு வாங்கி டியூப்பை அவரே அறுத்தார். அதை நான் மறைக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து அறைக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசரும் நின்றிருந்தார். மேசையில் இங்கிலீஷில் அடித்த காகிதம், அதன்மேல் பேனா. வேகமாக வேலை செய்ய நானே டியூப்பைக் கட்டினேன் என்று அதில் எழுதியிருப்பதாகப் பெரிய சார் கன்னடத்தில் சொன்னார்.

"ஹெட் ஆபீஸ்ல ஒரு பேரு கேக்கறாங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். ஒரு கையெழுத்துதானே?" கூட்டத்தில் பேசும் அதே மென்மையான குரல்.

"நான் கட்டலைங்க சார்."

சூப்பர்வைசர் தமிழில் பாய்ந்தார். "சார்கிட்ட இப்படியா பேசுவே? பொண்ணு கல்யாணம் இருக்குதில்ல உனக்கு?"

"அது என் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

பிறகு பெரிய சாரிடம் கன்னடத்தில் சொன்னேன். "டார்கெட் குடுத்தது நீங்க. கட்டினது இவரு. என் பேரு எதுக்கு? மனசுல இருக்கறத தைரியமா சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்ட நீங்க சொல்லுங்க சார்."

பேனாவை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். அவர் அதைத் தொடவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. போகச் சொன்னார்.

மேலே அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து விழவில்லை. ஒரு வாரத்தில் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என் மெஷினில் தூத்துக்குடிக்காரர் நின்றார். தினமும் ஷிப்ட் தொடங்கியதும் அந்தப் பக்கமாகப் போய், அவருடைய இரண்டு கையும் இரண்டு பட்டனிலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். சூப்பர்வைசர் முறைப்பார். நான் நின்று, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.