ஓடைக்குத் தெற்கு

2018 ஜனவரி 18, வியாழக்கிழமை. காலையில் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். சவரம் செய்தேன். பொங்கல் கரும்பில் மீந்த ஒரு துண்டு அடுப்படி மூலையில் காய்ந்து நின்றது. வெட்டிப் போட வேண்டும் என்று நினைத்தேன், வெட்டவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வழக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுவது என் தொழில். அன்று கடையைத் திறக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வார்டு எல்லைகளை மாற்றுவதற்கு ஆட்சேபம் சொன்னவர்களை அதே ஊரில் ஒரு மண்டபத்துக்கு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

எங்கள் தெருவில் வடக்கு வரிசையில் என் வீடு. எதிரே தெற்கு வரிசையில் தங்கை வீடு. நடுவே முன்பு ஓர் ஓடை ஓடியது. அதைக் கான்கிரீட் பலகை போட்டு மூடி, மேலே தார் போட்டுவிட்டார்கள். அடியில் ஓடை இருப்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. மூடச் சொல்லி மனுக் கொடுத்து நடையாய் நடந்தவள் தங்கைதான்.

குடிதண்ணீர் எங்கள் பக்கம் ஏதோ ஒரு நாள், விடிவதற்கு முன்னால் வரும். குழாயில் காற்று சீறும் சத்தம் முதலில் அவள் காதில்தான் விழும். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு கேட்டாகத் தட்டிக்கொண்டு போவாள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளுக்கு இந்த மாதிரி வேலைகள்தான். இந்த முறை கவுன்சிலர் தேர்தலில் நிற்பதாக முடிவு செய்திருந்தாள். கட்சி கிடையாது. அவளுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் என் வரிசையிலும் அதற்கு வடக்கேயுள்ள தெருக்களிலும் இருந்தார்கள். புதிய வரைவில் எங்கள் வார்டின் தெற்கெல்லை ஓடை என்று வந்திருந்தது. அவள் வரிசை, பின்தெருவோடு சேர்ந்து அடுத்த வார்டுக்குப் போய்விட்டது. பின்தெருவில் அவளை யாருக்கும் தெரியாது. வேறு வார்டில் நிற்க விதி இடம் கொடுக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“எனக்கே ஓட்டில்லாத எடத்துல போயி ஓட்டு கேக்கச் சொல்லுதியாண்ணே?” என்றாள்.

மனுவை நான்தான் எழுதினேன், நடுவே இப்போது ஓடை இல்லை என்று. தெருவை அளந்து படம் வரைந்தேன். இரண்டு வரிசைக்கும் ஒரே குழாய், ஒரே விளக்குக் கம்பங்கள் என்று குறித்தேன். இரண்டு வீட்டு மனையும் அப்பா வாங்கியது என்று காட்ட, எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலையும் சேர்த்தேன். அந்தப் பத்திரமும் நான் எழுதியதுதான்.

மண்டபத்தில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த மளிகைக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். அவர் வீடு என் வீட்டுக்கு அடுத்தது.

“ஏக்கா, நீ அந்தப் பக்கம் போயிட்டா எங்க வரிசைக்கு யாரு தண்ணிக்குக் கூப்பாடு போடுறது?”

“எங்க அண்ணன் இருக்காவல்ல.”

“அவியளா? அவிய எல்லாத்தையும் முத்திரைத்தாள்ல எழுதிக் குடுக்குறதுக்குள்ள தண்ணி நின்னுரும்.”

தங்கை சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதிகாரி பொறுமையானவர். மனுவை முழுதாகப் படித்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்திர நகலில் தங்கை மனையின் எல்லைகள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது எப்ப எழுதினது?”

“ஓடைய மூடுனதுக்கு அடுத்த வருசம்.”

“‘ஓடைக்குத் தெற்கு’ன்னு போட்டிருக்கு. மனுவுல ஓடையே இல்லைங்கிறீங்க.”

நான்கு எல்லைகளையும் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே எடுத்தெழுதுவது எங்கள் தொழில்முறை. மரம் விழுந்திருந்தாலும் புளியமரத்துக்குக் கிழக்கு என்றுதான் வரும். கிணறு தூர்ந்திருந்தாலும் கிணற்றுக்கு மேற்குதான். மாற்றி எழுதினால் பின்னால் வில்லங்கம் வரும். இதை அவரிடம் விளக்கினேன். என் குரல் கடையில் ஆட்களுக்குச் சொல்வதுபோலவே இருந்தது.

“எங்களுக்கும் அப்படித்தான் சார். ஓடை, ரோடுன்னு ஏதாவது ஒண்ண வச்சுத்தான் கோடு போடணும். உங்க ஆட்சேபத்தைப் பதிவு பண்ணிக்கிறோம். ஆனா மாறும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க.”

வெளியே வந்ததும் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. குடித்து முடித்தேன். அவர் சரக்கு எடுக்க நின்றுகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பத்திரத்தைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன். ஊர் நெருங்கும்போது வேறொன்று கேட்டாள்.

“பின்தெருவுல எம்புட்டு வீடு இருக்கும்ணே?”

“தெரியல.”

“நீயே தெரியலன்னா எப்படி? அம்புட்டையும் அளந்தியே.”

“நம்ம தெருவ மட்டுந்தான் அளந்தேன்.”

“சரி விடு. பொறவு பாத்துக்கிடுவோம்.”

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் தெற்கே திரும்பினாள், நான் வடக்கே. சட்டையைக் கழற்றி மாட்டினேன். மத்தியானச் சோறு ஆறியிருந்தது, சாப்பிட்டேன். சாயங்காலம் மறுநாள் எழுத வேண்டிய ஒரு கிரயப் பத்திரத்துக்கு மூலத்தைப் பார்த்து எல்லைகளைக் குறித்து வைத்தேன். அதில் ஒரு வாய்க்கால் வந்தது. அது இன்னும் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. இரவு டைரியில் ‘விசாரணை முடிந்தது’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை.

மறுநாள் இருட்டாக இருக்கும்போதே டம்ளர் சத்தம் கேட்டு விழித்தேன். எதிர் வரிசையில் ஒவ்வொரு கேட்டாகத் தட்டிக்கொண்டு போனாள். கடைசி வீடு முடிந்ததும் இந்தப் பக்கம் வருவாள் என்று படுத்தே இருந்தேன். சத்தம் வரவில்லை. முனையில் திரும்பி, பின்தெருவுக்குள் போய்க் கேட்டது.

“யாரும்மா அது, இந்நேரத்துல?” என்று ஒரு ஆண்குரல்.

“முன்தெருவுலருந்து வாரேண்ணே. தண்ணி வந்துருச்சு.”

எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்தேன். வெளியே வந்து, முதலில் மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன்.