பொய் விரதம்

டென்மார்க்கில் ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வரும். பெரிய பிரார்த்தனை நாள் என்று பெயர். யார் பிரார்த்திக்கிறார்கள், எதைக் கேட்டுப் பிரார்த்திக்கிறார்கள் என்று நான் விசாரித்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முதல் நாள் நான் இருக்கிற ஹொல்ஸ்டெப்ரோ ஊரின் பேக்கரிகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். ‘வாமே வேதர்’ என்ற சூடான கோதுமைப் பணிஸ் தின்னாவிட்டால் இவர்களுக்கு அந்த நாள் கழியாது. பிரார்த்தனை மறந்துபோய்ப் பணிஸ் மட்டும் மிஞ்சிவிட்டது.

இந்த வருடம் அந்த முதல் நாள் இன்று. சித்திராபௌர்ணமியும் இன்றுதான். தொழிற்சாலையில் என்னோடு இறைச்சி பொதி செய்கிற பென்ட், தேநீர் இடைவேளையில் ஒரு பணிஸுக்கு வெண்ணெய் பூசி நீட்டினான். “நை தக்”, வேண்டாம் நன்றி என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பன்றி இல்லை, வெறும் கோதுமைதான்!” என்று அடித்துச் சொன்னான். பன்றிக்கும் எனக்கும் பகை எதுவும் இல்லை. விரதம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பான். அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. பணிஸை வாங்கிக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஏன் வருவதில்லை என்பதை இத்தனை வருடம் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் இங்கே தனியாள். மனைவி வசந்தியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வரும். எங்கள் குடும்பங்கள் வந்துவிடக் கூடாதென்று நீதியமைச்சரே கோப்புகளை முடக்கி வைத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அதுதான் ‘தமிழ் வழக்கு’. அதனால் இந்த வருடத் தொடக்கத்தில் அரசாங்கமே விழுந்தது. அந்த நாளில் எங்களுக்கு இதொன்றும் தெரியாது. பிழை எங்கள் கடதாசிகளில்தான் என்று நினைத்து ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். நான் கண்டுபிடித்த பிழை மகளின் பிறப்புச் சான்றிதழ். அவள் கொழும்பில் பிறந்தவள். பத்திரம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது.

அதை டேனிஷில் எழுதித்தரக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர். எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்த சோமலதா அக்கா. சிங்களப் பெண்; டேனிஷ்காரரைக் கட்டி வந்தவர். கண்டியில் தகப்பனின் கடையில் பழகிய தமிழில் என்னை ‘மல்லி’ என்று, அதாவது தம்பி என்று, கூப்பிடுவார். நானும் அவர்கள் முறையில் ‘அக்கே’ என்பேன். சான்றிதழை ஆட்கள் பாராத நேரம் பார்த்துத்தான் அவரிடம் கொடுத்தேன்.

சிங்களவரின் வெசாக் பௌர்ணமி அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் அந்தப் பௌர்ணமியில்தான் என்பது அவர்களின் நம்பிக்கை. அன்று தெருவில் வருகிறவர் போகிறவரை மறித்துச் சாப்பாடு கொடுப்பார்கள். தன்சல் என்று பெயர். அக்கா எங்கள் குடியிருப்பின் வாசலில் மேசை போட்டு, பாற்சோறும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்து, பேர்ச் மரத்தில் கடதாசி விளக்குக் கூடு ஒன்று கட்டியிருந்தார். டேனிஷ் கிழவி ஒருத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் உணவகம் எப்போது திறக்கிறது என்று கேட்டாள். உணவகம் இல்லை, சும்மா தருகிறேன் என்றார் அக்கா. கிழவி நம்பாமல் நடையைக் கட்டினாள்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் செல்வண்ணை. அவர் யன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அந்த மனுசி நல்லவவா இருக்கலாம் தம்பி. ஆனா என்ரை கடையைக் கொளுத்தினவங்களும் வெசாக் கூடு கட்டினவங்கள்தான். நாலு சனம் பாக்க நீ அங்கை நிண்டு தின்னப்போறியோ?”

அவர் கடை எரிந்தது உண்மை. ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. நாலு சனம்தான். கடையால் திரும்பி வரும்போது அக்கா கோப்பையில் சோற்றை அள்ளிப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

“மல்லி, வாங்க. சூடா இருக்கு.”

“இண்டைக்கு விரதம் அக்கே,” என்றேன். “சித்திராபௌர்ணமி.”

வாய் தவறி வந்தது. பௌர்ணமி என்றதும் அந்த விரதம்தான் நாக்கில் நின்றது. எங்களில் தாயை இழந்தவர்கள் மட்டும் தாய்க்காகப் பிடிக்கிற விரதம் அது. கண்டிக் கடைத்தெருவில் தமிழரோடு வளர்ந்த அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது.

“ஐயோ, அம்மா இல்லையா மல்லி?”

அம்மா யாழ்ப்பாணத்தில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதிய கடிதம் அந்தக் கிழமைதான் வந்திருந்தது. “இல்லை,” என்றேன்.

“பேர் என்ன?”

“நாகம்மா.”

“அப்ப எப்ப சாப்பிடுறது?”

“பொழுதுபட்டாப் பிறகுதான்.”

அவர் சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டார். கொடுக்க முன்னும் கொடுக்கும்போதும் கொடுத்த பின்னும் மனம் சந்தோசப்பட வேண்டும், அப்போதுதான் தானம் முழுதாகும் என்று புத்தர் சொன்னதாக ஒருநாள் எனக்கு விளக்கியவர் அவர். எங்கள் அம்மன் கோயிலிலும் அன்று கஞ்சி வார்ப்பார்கள். யார் எவர் என்று கேட்காமல்தான் வார்ப்பார்கள்.

மாலை ஆறு மணிக்குச் செல்வண்ணை கோழிக்கறி வைத்தார். இந்த நாட்டில் மே மாதத்தில் ஒன்பது மணிக்குத்தான் பொழுதுபடும் என்பதை மறந்து நானும் உட்கார்ந்துவிட்டேன். வாசல் மணி அடித்தது. வாயைத் துடைக்காமலே கதவைத் திறந்தேன். அக்கா நின்றார். கையில் ஒரு பிளாஸ்கும் ஒரு கடித உறையும். போயா என்கிற பௌர்ணமி நாளில் சீலம் காக்கிறவர்கள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை, குடிக்க மட்டும் செய்வார்கள். நானும் பொழுதுபடும் வரை குடிக்க மட்டும் செய்வேன் என்று எண்ணிக் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்திருக்கிறார். உறையில் மகளின் சான்றிதழ், டேனிஷில், முத்து முத்தான எழுத்தில்.

மேசையில் கிடந்த எலும்புகளை அவர் கண்டார். யன்னலில் பளீரென்று வெயில்.

“விரதம் முடிஞ்சதா மல்லி?”

“ஓம்.”

“நல்லது. அம்மாவுக்கு ஒரு விளக்கு வச்சது. பேர் சொல்லிப் புண்ணியம் குடுத்தது.”

பிளாஸ்கை வைத்துவிட்டுப் போய்விட்டார். உயிரோடிருந்த என் தாயின் பேரைச் செத்தவர்களோடு சேர்த்தவன் நான். செல்வண்ணை மற்றக் கால் துண்டை என் கோப்பையில் போட்டார். அதையும் தின்றேன்.

வசந்தியும் மகளும் ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். அக்கா வைலேக்குக் குடிபோனார். அரசாங்கம் விழுந்தபோது பென்ட் என் கையைப் பிடித்து, “உங்களுக்கு மரியாதையாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது” என்றான். நான் குனிந்துகொண்டேன். மரியாதையாகப் பொய் சொல்வது எப்படி என்று எனக்கும் தெரியும்.

போன மார்கழியில் அம்மா உண்மையிலேயே போய்விட்டார். கொள்ளி வைக்கக்கூடப் போக முடியவில்லை. டோஸ்ட்ருப்பில் இருக்கிற சொந்தக்காரர் வரை எல்லோருக்கும் அறிவித்தேன். அக்காவுக்கு மட்டும் எப்படி அறிவிப்பது? ஒரு தாய் எத்தனை தரம் சாவாள்?

இன்று வேலையால் வந்ததும் மனம் கேட்காமல் வைலேக்கு டெலிபோன் எடுத்தேன். வெசாக் வாழ்த்துச் சொன்னேன். வசந்தியை, பிள்ளையை எல்லாம் விசாரித்தார்.

“இன்டைக்கு விரதமா மல்லி?”

“ஓம் அக்கே.”

“கோழி இல்லாத விரதமா?” சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது. “அம்மாவுக்கு விளக்கு வச்சிட்டன். ஒவ்வொரு வெசாக்குக்கும் வைக்கிறதுதானே.”

அக்கே, அம்மா இப்போதுதான் போனவர் என்று சொல்ல வாயெடுத்தேன். “பெரிய உபகாரம்,” என்று மட்டும் வந்தது.

இப்போது எட்டு மணி. யாழ்ப்பாணத்தில் நிலா உச்சிக்கு ஏறியிருக்கும். விரதகாரர் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். இங்கே பல்கனியில் இன்னும் வெயில். அக்காவின் பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணியும் பென்டின் பணிஸும் பக்கத்தில் இருக்கின்றன. பொழுதுபடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொழுதுபட்டதும் அம்மாவுக்கு ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். பிள்ளை நான் ஏற்றப்போகும் முதல் விளக்கு அது. அக்கா வைத்த ஆறையும் சேர்த்தால் அம்மாவுக்கு அது ஏழாவது.