கருகல் கிருமியும் குத்தகை வயலும்

நெற்பயிருக்கு நோய் வரவழைப்பதுதான் என் வேலை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், இலைக்கருகல் பாக்டீரியா கலந்த நீரில் கத்தரிக்கோலை நனைத்து, தொட்டி நெல்லின் இலை நுனியை வெட்டுவேன். வெட்டிய இடத்தின் வழியே கிருமி உள்ளே இறங்கும். கொஞ்ச நாளில் இலை நுனியிலிருந்து வைக்கோலாகக் காய்ந்துகொண்டே வரும். முனைவர் பட்டத்துக்கு இதைத்தான் செய்கிறேன் என்று ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

இந்தக் கிருமிக்குள் யார் அதிகாரம் செய்கிறார்கள் என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. மரபணுவின் செய்தி ஓர் ஆர்.என்.ஏ. இழையாக வரும், அதைப் படித்துத்தான் புரதம் தயாராகும். ஆனால் வருகிற செய்தியெல்லாம் படிக்கப்படுவதில்லை. சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துணுக்குகள் சில, செய்தியின் தலைப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கவிடாமல் அடைத்துவிடும். வளையம் போன்ற ஒரு புரதம் இரண்டையும் பிடித்துச் சேர்த்துவைக்கும். கல்யாணத் தரகர் வேலைதான். எந்தச் செய்தி ஓடும், எது அடங்கும் என்பதை இப்படி மாற்றி மாற்றித்தான் கிருமி இலைக்குள் பிழைக்கிறது. எனக்கு அந்தத் தரகர் மேல் ஒரு கண்.

அப்பா நன்னிலம் பக்கம், கடைமடையில் குத்தகைக்கு நெல் போட்டிருந்தார். தாத்தா கூலிக்கு நட்ட அதே நிலம். அதில் எங்கள் நெல் விளைவது எங்கள் வீட்டுக்குச் சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு சம்பா கைவிட்டிருந்தது. "இதுவும் போச்சுன்னா நிலத்த விட்டுட வேண்டியதுதாம்மா" என்று சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதம். நாற்றங்காலில் நாற்று முற்றி நெடுநெடுவென்று நின்றது. அப்படிப்பட்ட நாற்றை எங்கள் பக்கம் முடிமுடியாக, கட்டுக் கட்டாகப் பிடித்து, அரிவாளால் நுனியை அறுத்துவிட்டுத்தான் நடுவார்கள். குருத்துப்பூச்சியின் முட்டையும் நுனியோடு போய்விடும்.

போனில் கெஞ்சினேன். "அறுக்காதீங்கப்பா. அறுத்த வாயிலதான் கருகல் ஏறும்."

"அறுக்காம நட்டா காத்துல சாஞ்சு சேத்துல படுத்துடும். என்ன செய்யச் சொல்றே, சொல்லு."

நான் கத்தரிக்கோலால் செய்வதை அங்கே அரிவாளால் செய்தார்கள். ஒரே அரிவாள் எல்லா முடிக்கும் போய்வந்தது.

ஐப்பசி மழையும் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. நான் ஊருக்குப் போனபோது இலை விளிம்பெல்லாம் மஞ்சளாக நெளிந்திருந்தது. இலையில் பால் நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கிருமி கசிந்து நின்றது. ஆய்வகத்தில் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவேன். இங்கே பிடித்திருந்த இலையை விட்டுவிட்டேன். சாணிக்கரைசலைத் தெளிய வைத்து அடித்தாயிற்று, உரக்கடைக்காரர் கொடுத்ததையும் அடித்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. வரப்பில் நின்று அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

கோபமாகத்தான் தஞ்சாவூர் திரும்பினேன். யார் மேல் என்று கேட்டால் தெரியாது. அந்த வளையப் புரதம் இல்லாத கிருமி ஒன்றை முன்பே உருவாக்கி வைத்திருந்தேன். அதை வைத்துச் செய்த சோதனையில் வெட்டுப்பட்ட இலைகள் பச்சையாகவே நின்றன. புரதம் இல்லாவிட்டால் கிருமிக்கு நோய் உண்டாக்கத் தெரியவில்லை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் என் கைடு எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிவரச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து போன் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப வயல்ல இருக்கிற கிருமிகிட்டேருந்து அத எப்படி எடுக்கிறது?"

"எடுக்க முடியாதுப்பா. நாங்க எடுத்தது எங்க குப்பியில இருக்கிற கிருமியிலேருந்து மட்டும்தான்."

"மருந்து வருமா?"

"வரலாம். எப்பன்னு தெரியாது. வராமலும் போகலாம்."

"சரிம்மா, உனக்கு நல்லா வந்திருக்குல்ல, அதப் பாரு" என்றார். வருத்தமெல்லாம் குரலில் இல்லை. பிறகு, தான் கூப்பிட்ட காரியத்தைச் சொன்னார்.

"வயல்ல மாட்ட வுட்டு மேய்க்கச் சொல்லிட்டேன். நெலத்துக்காரர்ட்டயும் இப்பதான் சொல்லிட்டு வர்றேன், இனிமே குத்தகை வேணாம்னு."