வேரில்லாத பச்சை

என் கோழிக்கிறுக்கல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய மழையில் கொல்லைச் சுவரின் காய்ந்த பாசி பச்சையானதைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

நான் நான்காவது படித்தபோது, அக்கா கொலுவுக்கு மண்ணால் மலை செய்து, பாசியைச் சுரண்டி ஒட்டினாள். வெற்றிலை பாக்குக்கு ஆட்கள் வரும் நேரத்தில் அது காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. அக்கா அழுதாள். நான் செடிக்கு ஊற்றுவதுபோல் மலையடியில் தண்ணீர் ஊற்றினேன். சேறுதான் மிச்சம்.

"அதுக்கு வேரே இல்லடா, லூசு!" என்று திட்டிவிட்டு, சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள்.

"அப்ப வாய எங்கக்கா வச்சிகினு கீது?"

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டு, வாயிலிருந்த தண்ணீரெல்லாம் மலைமேல் தெறித்தது. தெறித்த இடமெல்லாம் எங்கள் கண்ணெதிரே பச்சையானது.

"டேய், உடம்பு பூரா வாய்டா இதுக்கு! ஜல்தியா தண்ணி எடுத்தா!"

கையால் தெளித்துத் தெளித்து மலையையே பச்சையாக்கினோம். முதலில் வந்த எதிர்வீட்டு அத்தை குனிந்து பார்த்துக் கேட்டார்:

"இந்தப் பச்சைய எந்தச் சாயப்பட்டறையில போட்டீங்கடி?"

ஐப்பசி 3, ஞாயிறு.